ஊறுகாய்ப் பக்குவமும் நசுங்கின விரலும்: ரெண்டுக்கும் ஒரே 'ரகசியம்' தானா?

மேலூர் டைப்பிங் கடை கேட்டது:

வணக்கம். மேலூரில் தாலுகா அலுவலகத்துக்குப் போகிற வழியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. மனு, வாடகைப் பத்திரம், உயில், கல்யாண பயோடேட்டா, எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னால் அதுவும் செய்வேன். பெரிய படிப்பு இல்லை. ஆனால் நான் அடித்துக் கொடுக்கிற வரி, வாங்கிப் படிக்கிறவருக்குப் புரிந்தே ஆக வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். ஊறுகாய் போடுகிற சின்னக் கம்பெனி. முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்குவதற்கு இரண்டு பக்க ஒப்பந்தம். யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "கையெழுத்துப் போடுற பொம்பளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாதுத்தா, தமிழ்ல வேணும்" என்றார். அப்படி நினைக்கிற முதலாளிகள் குறைவு. சந்தோஷமாகத்தான் வாங்கி வைத்தேன்.

ஆறாவது பத்திக்குத் தலைப்பு 'சீக்ரசி'. யோசிக்காமல் 'ரகசியம்' என்று அடித்துவிட்டேன். கீழே உள்ள வரியைத் தமிழில் எழுதினால், 'பணியாளர் எப்போதும் ரகசியமாக இருக்க வேண்டும்' என்று வந்து நிற்கிறது. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். லேமினேஷனுக்குக் காத்திருந்த பையன், "என்னக்கா, ஒளிஞ்சுக்கிட்டே வேலை பாக்கணுமா?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். அழித்துவிட்டு 'ரகசியம் பேண வேண்டும்' என்று போட்டேன். எங்கள் ஊரில் எந்தப் பெண் 'பேணுவது' என்று பேசுகிறாள்? 'ரகசியத்தன்மை' என்று மாற்றினேன். டிவி செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது.

அதோடு போயிருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன். அந்தத் தலைப்புக்குக் கீழே இரண்டு பிரிவு இருக்கிறது. முதல் பிரிவு, பக்குவத்தைப் பற்றியது. எந்தச் சாமான் எங்கே வாங்குகிறார்கள், எதற்கு எது எத்தனை பங்கு, எப்போது எண்ணெய் ஊற்றுகிறார்கள், இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. நியாயம்தான். இரண்டாவது பிரிவு, வேலை நேரத்தில் ஏற்படுகிற காயம், விபத்து எதையும் வெளியாட்கள் யாரிடமும் பேசக் கூடாது என்கிறது. இதுவும் அதே 'சீக்ரசி'க்குள் அடங்குமாம். மசாலா அரைக்கிற மிஷினில் ஒரு பிள்ளைக்கு விரல் நசுங்கினால், அந்த விரலும் ஊறுகாய்ப் பக்குவமும் ஒரே ரகம் என்கிறது அந்தக் காகிதம். அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை.

நாம் பேசும்போது இரண்டையும் ஒரே சொல்லாலா சொல்கிறோம்? என் அம்மா தம்பி காலேஜ் பீஸுக்காகத் தோட்டை அடகு வைத்தபோது, "காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிட்டு வந்துரு" என்று என்னை அனுப்பினாள். அக்கா மகள் முழுகாமல் இருந்தபோது, "மூணு மாசம் தாண்டட்டும், வாயத் தொறக்காத" என்றாள். அதே அம்மா, எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்தவர்கள் காசில்லை என்று கையை விரித்த அன்று சொன்னது வேறு. "ஆறு மாசமா மூடி மறைச்சிருக்காய்ங்க பாரு." அடகும் கர்ப்பமும் 'மூடி மறைச்சது' என்று அவள் வாயில் ஒருநாளும் வராது.

என் கேள்வி இதுதான். அந்தத் தலைப்புக்கு, படித்தவுடன் எங்கள் பெண்களுக்குப் புரிகிற மாதிரி என்ன சொல் போடலாம்? இரண்டாவது பிரிவுக்கும் அதே சொல்லைப் போட்டால் நான் தப்புச் செய்கிறேனா?

---

திருநகர் தமிழாசிரியர் (பணி ஓய்வு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் காதை நம்புங்கள். 'ரகசியம்' என்பது சேதியின் பெயர். சொல்லாமல் வைத்திருக்கிற அந்தப் பொருளைத்தான் அது குறிக்கும். நீங்கள் தேடுவது, அதைச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒழுக்கத்துக்கு ஒரு பெயர். தமிழில் அதை வினை சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்: ரகசியம் காப்பது, வெளிவிடாதிருப்பது, மனத்தோடு வைத்துக்கொள்வது. பெயர்ச்சொல்லை மட்டும் நட்டு வைத்தால் வாக்கியம் தள்ளாடும்.

ரகசியம் வடசொல். 'ரஹஸ்' என்றால் ஆளில்லாத தனியிடம். நம் பழைய சொல் 'மறை'. கேட்ட மறையைப் பிறரிடம் சுமந்து கொண்டுபோய்ச் சொல்கிறவர்களை 'அறைபறை அன்னர் கயவர்' என்கிறது 1076-ஆம் குறள். ஊரைக் கூட்டும் பறை போன்றவர்கள் என்று பொருள். ஒற்றர்களைப் பற்றிய 'ஒற்றாடல்' அதிகாரத்தின் கடைசிக் குறளும் இதைத்தான் பேசுகிறது. ஒற்றனுக்கு எல்லோரும் அறியச் சிறப்புச் செய்தால், அரசன் தன் மறையைத் தானே வெளியிட்டவன் ஆகிறான். ஆனால் இன்று 'மறை' என்று தலைப்பு வைத்தால் வேதம் என்றுதான் படிப்பார்கள். அது உங்களுக்கு உதவாது.

அகராதிப்படி பார்த்தால் நீங்கள் கேட்டதற்கு மிக நெருங்கிய சொல் 'கமுக்கம்'. நல்ல சொல், நம் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிற சொல். ஆனால் அதன் வாடை மாறிவிட்டது. "அவன் கமுக்கமான ஆளு" என்று சொன்னால் இங்கே யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெண்களை 'கமுக்கமாக இருங்கள்' என்று கேட்டால், ஏதோ தப்புக்கு உடந்தையாக இருக்கச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார்கள்.

'அந்தரங்கம்' வேறு. அதற்கு எதிர்ச்சொல் பகிரங்கம். ஒருவருடைய உடல், வீடு, மனசு சார்ந்தது அந்தரங்கம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்ததை நாம் 'அந்தரங்க உரிமை' என்றுதான் எழுதுகிறோம். உங்கள் அக்கா மகளின் மூன்று மாதம் அந்தரங்கம். ஊறுகாய்ப் பக்குவம் தொழில் ரகசியம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் அகப்பாடல்களில் களவு என்று ஒரு பகுதி முழுக்க ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. தலைவனும் தலைவியும் ஊரறியாமல் பழகுவது. ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அது அம்பல், பலரறியப் பேசிவிட்டால் அலர். அம்பல் மொட்டு, அலர் விரிந்த பூ. சாயங்காலம் மொட்டாகத் தொடுத்த மல்லிகை இரவில் தலையிலேயே விரிந்து தெருவெல்லாம் மணக்கிறதே, அந்த மாதிரி. இதில் தோழிக்கு எல்லாம் தெரியும். தலைவிக்காக வாயைக் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் தலைவி மெலிந்து போகிறாள், வேறிடத்தில் மணம் பேசுகிறார்கள், இனிச் சொல்லாவிட்டால் அவளுக்குக் கேடு என்னும் நிலை வரும்போது தோழி தலைவியின் வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதற்கு இலக்கணம் வைத்த பெயர் 'அறத்தொடு நிற்றல்'. காட்டிக்கொடுத்தல் என்று பெயர் வைக்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பில் நடத்தினேன்; ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் நிற்பேன்.

நசுங்கின விரலைப் பற்றி ஒரு பெண் வெளியே சொன்னால் அவள் செய்வதும் அதுதான். அதை ரகசிய மீறல் என்று எழுத உங்கள் கை ஓடாதது இயல்பு.

---

உசிலம்பட்டிக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதைப் படிச்சதும் எங்கப்பா ஞாபகம் வந்திருச்சு. அவரு மாட்டுத் தரகர். பஸ் ஸ்டாண்டா இருக்கிற மாட்டுத்தாவணிக்குப் பேரே மாட்டுச் சந்தையில இருந்து வந்ததுதான், மதுரைக்காரவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

சின்னப்பிள்ளையில சந்தைக்கு என்னையும் கூட்டிட்டுப் போவாரு. விக்கிறவரு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போடுவாரு. துண்டுக்குள்ள விரலைப் பிடிப்பாரு. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு, அஞ்சையும் சேத்துப் பிடிச்சா அஞ்சு. ஆயிரமா பத்தாயிரமாங்கிறது மாட்டைப் பாத்தாலே தெரியும், அதுக்குத் தனியா விரல் வேண்டாம். வாய் மட்டும் ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்கும். மழை, மருமக, சர்க்கரை ஆலை. சுத்தி இருபது பேரு நிப்பாய்ங்க, ஒருத்தருக்கும் விலை தெரியாது. விக்கிறவரு தலையை ஆட்டினா விரலை விட்டுட்டு மறுபடி பிடிப்பாரு. சில நேரம் அப்பா நெத்தியில வேர்க்கும், அப்பத்தான் பெரிய தொகைன்னு எனக்குத் தெரியும்.

ஏப்பா சத்தமாப் பேசுனா என்னன்னு ஒருநா கேட்டேன். "விக்கிறவன் கஷ்டத்துல விக்கிறான்டா. அவன் எம்புட்டுக்கு எறங்குனான்னு ஊருக்குத் தெரிஞ்சா அடுத்த மாட்டுக்கும் அதே விலைதான் கேப்பாய்ங்க. அவன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் விக்கிறான்னு தெரிஞ்சா இன்னும் கொறைப்பாய்ங்க" அப்படின்னாரு.

ஆனா மாட்டுக்குக் காலு நொண்டி, பல்லு விழுந்துருக்கு, பாலு வத்திருச்சுன்னா அதைத் துண்டுக்குள்ள வைக்க மாட்டாரு. வாங்குறவன் முன்னாடி மாட்டை நடக்க விட்டுக் காமிப்பாரு. வாயைப் பிளந்து பல்லைக் காமிப்பாரு. எல்லாத் தரகரும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஊனத்தை மறைச்சு வித்தவய்ங்களும் சந்தையில உண்டு, அவய்ங்களை அப்பா கூடச் சேத்துக்க மாட்டாரு. விலை துண்டுக்குள்ள, ஊனம் வெளிச்சத்துல. அக்கா, உங்க காகிதத்துல பக்குவம் விலை மாதிரி. விரல் ஊனம் மாதிரி. எனக்கு அப்படித்தான் படுது.

---

சாவடி டீச்சர் எழுதியது:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வேலைக்குப் பல தடவை போயிருக்கிறேன். 'ரகசியம்' என்ற சொல்லை நாங்கள் வருஷக்கணக்கில் சுமக்கிறவர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

வாக்குப்பதிவு தொடங்கும் முன் தலைமை அலுவலர், சாவடியில் இருக்கிற எல்லோருக்கும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-ஆம் பிரிவை எடுத்துச் சொல்ல வேண்டும். வாக்கின் ரகசியத்தைக் காக்க வேண்டும், மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2019 ஏப்ரல் 18 மதுரையில் மறக்க முடியாத நாள். சித்திரைத் திருவிழாத் தேரோட்டமும் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்து, மதுரைக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்கள்.

அந்த மாதிரி ஒரு நாளில், கண் தெரியாத ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். துணைக்கு வருகிறவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அன்றைக்கு வேறு யாருக்கும் துணையாகப் போயிருக்கக் கூடாது, பாட்டி போட்ட வாக்கை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். பையன் கையெழுத்துப் போட்டான். பாட்டி என் பக்கம் திரும்பி, "என்னத்த எழுதுறான்?" என்று கேட்டார். "நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறான் பாட்டி" என்றேன். "எங்க வீட்டுல இம்புட்டு நாளா அதைச் சொல்லச் சொல்லித்தான் கேப்பாய்ங்க" என்றார் அவர். முகம் அப்படியே மாறிவிட்டது.

அந்தத் தாளில் இருந்த சட்டச் சொல் எதுவும் பாட்டிக்குப் போய்ச் சேரவில்லை. 'யார்ட்டயும் சொல்ல மாட்டேன்' மட்டும்தான் சேர்ந்தது. உங்கள் ஒப்பந்தத்திலும் தலைப்பைவிட அந்த வினைதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

---

பத்திர ஆபீஸ் பழைய எழுத்தர் எழுதியது:

பதிவுத்துறையில் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா. ஒருவர் உங்களை நம்பிக் கொடுத்த ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை இங்கே ஊரறிய எழுதியிருக்கிறீர்கள். மேலூரில் முப்பது பேர் வேலை செய்யும் ஊறுகாய்க் கம்பெனி எத்தனை இருக்கும்? ரகசியத்தைப் பற்றிக் கேட்கிற இடத்திலேயே ஒரு ரகசியம் போய்விட்டதே என்று மனம் சங்கடப்பட்டது.

சொல்லைப் பொறுத்தவரை, அரசு அலுவலகத்தில் உறையின் மேல் 'மந்தணம்' என்று எழுதுவோம். கோப்புக்குச் சரி, ஊறுகாய்க் கம்பெனிக்குச் சரிவராது. நீங்கள் 'ரகசியக் காப்பு' என்று போடலாம். அமைச்சர்கள் பதவியேற்கும்போது இரண்டு உறுதிமொழி எடுப்பதை எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறார்கள்: பதவிப் பிரமாணம், ரகசியக் காப்புப் பிரமாணம். சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டாவது கிடையாது, அமைச்சருக்கு மட்டும்தான். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் அதன் வாசகம் இருக்கிறது. அமைச்சர் என்ற முறையில் தெரியவந்ததை நேராகவோ சுற்றியோ யாருக்கும் தெரிவிக்க மாட்டேன், என் கடமையைச் செய்வதற்குத் தேவைப்பட்டாலன்றி. அந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள்.

எங்கள் துறையில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி புத்தகங்கள் உண்டு. வீடு, நிலம் விற்ற பத்திரமெல்லாம் 1-ஆம் புத்தகம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வில்லங்கம் போட்டுப் பார்ப்பதே அதனால்தான். உயில் 3-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல் கொடுப்போம். பெற்ற மகன் வந்து நின்றாலும் கிடையாது. அவர் காலமான பிறகுதான் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். பதிவே வேண்டாம் என்றால் உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு. ஒரே அலுவலகத்தில், ஒரே அலமாரியில், ஒரு புத்தகம் எல்லோருக்கும் திறந்தது, பக்கத்துப் புத்தகம் ஒருவருக்கு மட்டும். நிலத்தை மறைத்தால் வாங்குகிறவன் ஏமாறுவான். உயிலைத் திறந்தால் எழுதியவருக்கு வீட்டில் நிம்மதி போகும். முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ மகன்கள் என் மேஜை முன்னால் நின்று கெஞ்சியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். 3-ஆம் புத்தகத்தை நான் யாருக்கும் பிரித்துக் காட்டியதில்லை.

---

மேலூர் டைப்பிங் கடை:

ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். அது ஊறுகாய்க் கம்பெனி இல்லை. முப்பது பேரும் இல்லை. தொழில், ஆள் கணக்கு, வந்த நாள், பத்தி எண் எல்லாம் மாற்றித்தான் எழுதினேன். பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மிஷின் இருக்கிறது, பக்குவம் மாதிரி ஒன்று இருக்கிறது, இவ்வளவுதான் நிஜம்.

நான் இதில் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் உயில் என்று எழுதியதும் நெஞ்சு பதறிவிட்டது. கடை போட்ட இரண்டாவது வருஷம் ஒரு பெரியவர் உயில் அடிக்க வந்தார். நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் மை இழுகிவிட்டது என்று இன்னொரு தடவை எடுத்தேன். கெட்டுப்போன தாளைக் கிழிக்கவில்லை. ஒருபக்கத் தாள் வீணாகக் கூடாது என்று, மாதிரி பிரிண்ட் எடுக்கிற கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து இன்னொருவருக்கு மனு ஒன்றை அந்தத் தாளின் பின்பக்கத்தில் மாதிரி எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பெரியவருக்குச் சம்பந்தி முறை. வீட்டுக்குப் போய்த் தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். எந்த மகனுக்குக் கிணற்றடி வயல், எந்த மகனுக்கு இல்லை என்பது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

பெரியவர் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று, "உன்னய நம்பித்தானத்தா குடுத்தேன்" என்றார். வையவில்லை, சத்தம் போடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் இப்போது இல்லை. அந்தக் குடும்பம் பழையபடி சேரவும் இல்லை.

அன்றிலிருந்து கெட்ட தாள் ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்து, கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவேன். மறுநாள் காலையில் கூழாகிவிடும். கடை போனுக்கு வாட்ஸ்அப்பில் ஆதார், பேங்க் பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட் என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ராத்திரி ஷட்டரை இறக்கும் முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கம்ப்யூட்டரில் தங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்து போகிறவர்களைத் தெருமுனை வரை போய்க் கூப்பிட்டிருக்கிறேன்.

அதனால்தான் சொல் எனக்கு முக்கியம். நான் காக்கிறதையும் ஒரு முதலாளி மூடுகிறதையும் ஒரே தலைப்புக்குக் கீழே நானே அடித்துக் கொடுக்க மனசு வரவில்லை.

---

பத்திர ஆபீஸ் பழைய எழுத்தர்:

மாற்றி எழுதியது தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா. மன்னிக்கவும். அந்தத் தண்ணீர் வாளி நான் வேலை பார்த்த இடத்திலும் இருந்திருக்க வேண்டியது.

---

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

தொழிலாளர் வழக்கு பார்க்கிறவன். சொல்லுக்கு மேலே ஒன்று இருக்கிறது: அந்த இரண்டாவது பிரிவு காகிதத்தில் இருந்தாலும் முழுசாக நிற்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சட்டத்தைத் தோற்கடிக்கிற நோக்கத்தோடோ பொது நலனுக்கு எதிராகவோ செய்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. காயம்பட்ட தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து வெற்று எழுத்து என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்லியிருந்தது, 17-ஆம் பிரிவில். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உண்டு. அதே 1923-இல்தான் அலுவலக ரகசியச் சட்டமும் வந்தது. வெள்ளைக்கார அரசு தன் வாயைப் பூட்டிக்கொண்ட வருஷத்தில், காயம்பட்டவன் உரிமையைப் பூட்ட முடியாது என்றும் எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் நடப்பில் ஒன்று உண்டு. செல்லாத பிரிவு என்று கையெழுத்துப் போட்ட பெண்ணுக்குத் தெரியாது. விரல் போன அன்றைக்கு, 'அதான் எழுதிக் குடுத்துட்டோமே' என்று ஆஸ்பத்திரியில்கூட 'கதவுல மாட்டிருச்சு' என்று சொல்லிவிடுவாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் கதவு என்று ஏறிவிட்டால், பிறகு மிஷின் என்று நிரூபிக்க நாங்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்படி வந்த சீட்டுகளை என் கையால் தொட்டிருக்கிறேன். அந்த முதலாளியிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள் அக்கா. பல பேர் எங்கிருந்தோ எடுத்த மாதிரியை அப்படியே ஒட்டியிருப்பார்கள், படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

---

மேலூர் டைப்பிங் கடை:

எல்லோருக்கும் நன்றி. அவர் நேற்று சாயங்காலம் வந்தார். இரண்டு தாளையும் எடுத்து வைத்தேன்.

தலைப்பு 'தொழில் ரகசியம் காத்தல்' என்று போட்டிருக்கிறேன். கீழே இப்படி: 'பக்குவம், அளவு, சாமான் வாங்கும் இடம் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதும் வேலையை விட்ட பிறகும் வெளியார் யாரிடமும் சொல்ல மாட்டேன். வைத்தியம், இழப்பீடு, சட்டம் ஆகியவற்றுக்குத் தேவைப்பட்டால் சொல்லலாம்.' கடைசி வரி எழுத்தர் ஐயா காட்டிய அமைச்சர் பிரமாணத்திலிருந்து எனக்குத் தோன்றியது. 'சொல்ல மாட்டேன்' டீச்சரின் பாட்டியிடமிருந்து வந்தது. 'பணியாளர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறவள் அவள்தானே.

இரண்டாவது பிரிவை அடிக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, அவரிடம் நேராகவே சொன்னேன். "அண்ணே, மொதப் பிரிவு ரகசியம். இது ரகசியம் இல்லண்ணே, மறைக்கிறது. நம்ம பேச்சுல இதுக்கு அந்தப் பேரு வராது. வக்கீல் ஒருத்தர்ட்டக் கேட்டேன், கோர்ட்டுல நிக்காதுங்கிறாரு." உசிலம்பட்டித் தம்பியின் அப்பா கதையையும் சொன்னேன், ஊர் பேர் சொல்லாமல்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ்த் தாளின் அந்தப் பிரிவை விரல் வைத்து வைத்துப் படித்தார். அதற்கு முன்னால் படித்திருக்கிற மாதிரி தெரியவில்லை. "இதை எழுதிக் குடுத்தவரைக் கேட்டுட்டு வர்றேன்த்தா" என்றார். அடித்ததற்குக் காசு கொடுத்தார், முழுசாக. இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். என் கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.